நடுவில் தெரியும் இடம்

பெயரை மூலையில் போடாதே, நடுவில் போடு.

அந்தப் பெண் கேள்வியைக் கேட்டு முடித்தபோது என் மனதில் வந்த பதில் இதுதான். சொல்லவில்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில், தனியாகத் தொழில் செய்து முன்னுக்கு வந்த டிசைனர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷ்மா என்ற மாணவி எழுந்து நின்றாள்.

"மேம், எங்க வீட்ல யாரும் இந்த லைன்ல இல்ல. பெரிய எடத்துல எனக்கு யாரையும் தெரியாது. நான் தனியா ஆரம்பிச்சா, இப்படி ஒருத்தி இருக்கான்னு வெளியில எப்படி மேம் தெரியும்?"

"நல்லா வேலை செய்யுங்க. வேலையே உங்களப் பத்திப் பேசும்" என்றேன். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

வேலை பேசாது. அது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி கேட்டவளுக்கு நியாயமான பதில் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன். இதுவரை என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் மகேஷ் அண்ணனின் பிளெக்ஸ் கடையில்தான் வேலை கற்றுக்கொண்டேன். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கோயில் கொடை என்று எல்லாம் செய்வேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் என் வேலை காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். அடியில் கடையின் பெயர் இருக்கும். ஒருமுறை சடங்கு பேனர் ஒன்றின் ஓரத்தில் 'ஜெயப்ரியா' என்று பொடி எழுத்தில் போட்டேன். மகேஷ் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யாரும்மா இது ஜெயப்ரியா? பொண்ணுக்குச் சித்தியா, அத்தையா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் அதை அழித்துவிட்டு மிஷினுக்கு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த இடம் சொந்தக்காரர்களின் பெயருக்கானது, அவ்வளவுதான்.

அந்த வேலையை விட்டுவிட்டு இரும்புலியூரில் ஒரு மாடி அறை பிடித்துத் தனியாக ஆரம்பித்தேன். எல்லோரும் செய்வதையெல்லாம் செய்தேன். இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்தேன். பியூட்டி பார்லர்களில் கார்டு வைத்தேன். சர்ச் திருவிழாவுக்கு இலவசமாக அழைப்பிதழ் செய்துகொடுத்தேன். என் படங்களுக்குத் தவறாமல் இதயம் போட்டது இரண்டே பேர். ஒருத்தி அத்தை மகள். இன்னொருவர் துபாயில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட, யாரென்றே தெரியாத ஒரு தட்சிணாமூர்த்தி. கீழே உள்ள டீக்கடையில் நான் மாதக்கணக்காக டீ வாங்கிக் குடித்த பிறகும் மாஸ்டர் ஒருநாள், "இந்தப் பக்கம் புதுசா குடி வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

அது வலித்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போகுமே, அப்படி இருந்தது. கை இருக்கிறது என்று தெரியும். கிள்ளிப் பார்த்தால் தெரியாது.

புஷ்பம் முடிச்சூரில் தையற்கடை வைத்திருக்கிறாள். தனியாக வந்த பிறகு நான் செய்த முதல் கடைப் பலகை அவளுடையது. அவளுடைய அப்பா ஏசுபாதம், பல்லாவரத்தில் தோல் பதனிடும் கம்பெனியில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. மகளைச் சில நாள் அடையாளம் தெரியும், சில நாள் "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் புஷ்பம் குனிந்து செருப்பு மாட்டி நிமிர்வதற்குள் அவரைக் காணவில்லை.

மறுநாள் காலை என் அறைக்கு வந்தாள். அழுது ஓய்ந்த முகம். போலீசில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, வாட்ஸ்அப்புல போடற மாதிரி ஒன்னு செஞ்சு குடுங்க. நாலு பேரு பாத்தா யாராவது சொல்லுவாங்க."

காணவில்லை போஸ்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே சிவப்பில் கொட்டை எழுத்து, ஆதார் அட்டையிலிருந்து எடுத்த மங்கல் முகம், அதைச் சுற்றி அடையாளங்கள், எண்கள். ஒரு நொடி பார்த்துவிட்டு எல்லோரும் தள்ளிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. புஷ்பத்தின் போனில் இருந்த படத்தை எடுத்து, பின்னணியை நீக்கி, அவருடைய முகத்தைப் பெரிதாக வைத்தேன். பார்க்கிறவரை நேராகப் பார்க்கும் கண்கள். 'காணவில்லை' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். கீழே ஒரே வரி: 'இவர் வீட்டுக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்.'

புஷ்பம் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல வேலை என்று எனக்கும் தெரிந்தது. எவ்வளவு என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

இங்கே தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீளமான படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முழுதாகத் தெரியாது. மேலும் கீழும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் தெரியும். தொட்டுத் திறந்தால்தான் மீதி. நம் ஊரில் பாதிப் பேர் திறப்பதில்லை. தெரிந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதனால் எதையும் அனுப்புவதற்கு முன்பு என்னுடைய இன்னொரு போனுக்கு அனுப்பி, வெட்டுப்பட்ட பிறகு என்ன தெரிகிறது என்று பார்ப்பது என் வழக்கம்.

அன்றும் பார்த்தேன். முகம் தெரிந்தது. அந்த வரி தெரிந்தது. அதற்கு அடியில் 'வடிவமைப்பு: ஜெயப்ரியா' என்று என் பெயரும் எண்ணும் தெரிந்தன. புஷ்பத்தின் எண்ணும் போலீஸ் நிலையத்தின் எண்ணும் அதற்கும் கீழே இருந்தன, தெரியவில்லை.

தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது என்று எழுதத்தான் முதலில் தோன்றியது. தற்செயலாக இருந்திருந்தால் மாற்றியிருப்பேன். இரண்டு வரிகளை இடம் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரம் உள்ளவர்கள் திறந்து பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அனுப்பினேன்.

சாயங்காலத்துக்குள் அது முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர் என்று எல்லாக் குழுக்களையும் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. அத்தை மகள் எனக்கு அனுப்பி, 'பாவம்டி' என்று எழுதியிருந்தாள். என் பெயர் நடுவில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. மற்றவர்கள் கவனித்தார்கள். போன் அடிக்க ஆரம்பித்தது.

"ஏம்மா, அந்தப் பெரியவரு காணோம்னு போட்டிருக்கியே, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட பாத்த மாதிரி இருந்துச்சு."

"சட்டை என்ன கலர்ங்க?"

"சட்ட போடலம்மா. தாடி வெச்சிருந்தாரு."

"இவருக்குத் தாடி இல்லீங்களே."

"அப்ப வேற யாரோ. சரி, இந்தப் படம் நீதான் செஞ்சியா? கல்லு மனசையும் கரைக்குது. எம் மச்சான் பொண்ணுக்குக் கல்யாணம் வருது. பத்திரிகை செய்வியா?"

அழைத்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். அவருடைய மகள் என்றே என்னை நினைத்தார்கள். முதலில் திருத்தினேன். பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன். மகளிடம் பேசுகிறோம் என்று நினைக்கும்போது குரல் கனிகிறது; கனிந்த குரல் சீக்கிரம் வைத்துவிடுவதில்லை. 'ஜெயப்ரியாங்களா?' என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்பதை அந்த வாரம்தான் முதன்முதலாகக் கேட்டேன். டீ மாஸ்டர் என் கண்ணாடி டம்ளரை இன்னொரு முறை கழுவிக் கொடுத்தார்.

புஷ்பம் தினமும் கேட்பாள். "எனக்கு ஒரு போனும் வரலையேக்கா. யாருமே பாக்கலையா?"

"எனக்கு வருது. எல்லாம் நான் விசாரிச்சுக்கறேன். நீ கொஞ்சம் தூங்கு."

"நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்பாள்.

உண்மையிலேயே விசாரித்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் பொறுமையாக, சட்டை, உயரம், நடை என்று கேட்டேன். எதுவும் அவரில்லை. வாரக் கடைசியில் அவர் கிடைத்துவிடுவார் என்ற நம்பிக்கையில் இன்னொரு படமும் செய்துவைத்தேன். அதே முகம், பச்சைப் பின்னணி, 'வீட்டுக்கு வந்துவிட்டார்.' முதல் படத்தைவிட இது நன்றாக வந்திருந்தது. அந்தப் பழைய முகம் மட்டும் அதற்குப் பொருந்தவில்லை. கிடைத்த பிறகு எடுத்த புதுப் படம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று தோன்றியது.

சுகுமார் அப்போதுதான் அழைத்தான். நம் பகுதிச் செய்திகளை வீடியோவாகப் போட்டு நிறையப் பேர் பின்தொடரும் ஒரு பக்கத்தை நடத்துபவன். என்னைப் பற்றி வீடியோ எடுக்க வேண்டும் என்றான். காணாமல் போனவர்களுக்காகக் காசு வாங்காமல் உழைக்கும் பெண் டிசைனர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அறையிலேயே எடுத்து அன்றைக்கே போட்டுவிடலாம். மகளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

"அதுக்குள்ள அவர் கிடைச்சிட்டா?" என்று கேட்டேன்.

"அப்ப ஸ்டோரி இல்லையே மேடம். நன்றின்னு ஒரு போஸ்ட்டு, அவ்ளோதான்." சிரித்தான். "வீடியோ போட்டு, மறுநாள் ஆள் கிடைச்சா பாருங்க, அது வேற லெவல். உங்கள எங்கியோ கொண்டுபோயிடும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் தீனா என்று ஒருவன் கூப்பிட்டான்.

"யக்கா, போன்ல ஒரு படம் வந்துச்சு. அதுல கீற பெருசு எங்கடையாண்ட குந்திகினு கீதுக்கா. பல்லாவரம் சந்தைல. காலைலேர்ந்து இங்கதான். உன் அப்பாவா?"

சட்டை என்ன நிறம் என்றேன். ஊதாக் கட்டம் என்றான். வலது காதுக்குக் கீழே மச்சம் இருக்கிறதா என்றேன். "கீது" என்றான்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. பழைய தகரப் போர்டுகளும் தீப்பெட்டி லேபிள்களும் வாங்க. அதனால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. தீனா மேலே தார்பாய் கட்டி, அதன் நிழலில் பழைய ஷூக்களைக் குவித்து விற்பவன். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏசுபாதத்தை உட்கார வைத்திருந்தான். வெறுங்காலோடு வந்தவருக்குக் குவியலிலிருந்து ஒரு ஜோடி பழுப்பு ஷூவைத் தேடி மாட்டிவிட்டிருந்தான். அவர் ஒவ்வொரு ஷூவாக எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஆட்டுத்தோலு. நல்லாப் பதம் பண்ணியிருக்கான்" என்று என்னிடம் காட்டினார். "அது ரெக்சின். தூக்கிப் போடு."

"பெருசு வந்ததுலேர்ந்து எனக்கு யாவாரம் ஏறுதுக்கா" என்றான் தீனா. "இன்ஸ்பெக்டர் மாரி ஒக்காந்து பாஸ் பண்ணுது. ரெண்டு இட்லி வாங்கிக் குட்தேன், சமத்தா சாப்ட்டுச்சு."

அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவருடைய கை உலர்ந்து சூடாக இருந்தது. புஷ்பத்தின் பெயரைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். அழுத்தினால் போதும். முடிச்சூரிலிருந்து அவள் ஆட்டோவில் வந்து சேர அதிக நேரம் ஆகாது. வந்து அழுவாள். அங்கே உள்ளவர்கள் படம் எடுப்பார்கள். கண்டுபிடித்தது ஷூ விற்கிற தீனா என்று சொல்வார்கள், அதுதான் உண்மையும்கூட. சாயங்காலம் சுகுமார் வர மாட்டான். அடுத்த வாரம் டீ மாஸ்டர், 'புதுசா வந்திருக்கீங்களா?' என்று மறுபடி கேட்பார்.

இதையெல்லாம் அப்படி வரிசையாக நான் யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோது உள்ளே எதுவும் இல்லை. வெயில் இருந்தது, தார்பாய் நீலமாக இருந்தது. ஒரே ஒரு நினைப்புதான்: அவருக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை. சாப்பிட்டிருக்கிறார். நிழலில் இருக்கிறார். வெகுநாளைக்குப் பிறகு வேலை செய்கிறார். சாயங்காலம் வரைக்கும்தானே.

"தீனா, வீட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றேன். "அவங்க தூரத்துல தேடிக்கிட்டு இருக்காங்க. வந்து சேர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் பாத்துக்க முடியுமா?"

"அதுக்கின்னாக்கா, தங்கம் மாரி கீது பெருசு. வூட்டு நம்பர் குடு, நானே ஒரு வார்த்த பேசிடறேன். பயந்துகினு இருப்பாங்க இல்ல?"

"அவங்க போன் சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிடுச்சு."

"அட, பேஜாரே. சரி, இருட்டறதுக்குள்ள வரச் சொல்லுக்கா. சந்தை கலஞ்சிட்டா நா மூட்டை கட்டிகினு கெளம்பிடணும், வண்டிக்காரன் நிக்க மாட்டான்."

"நானே வர்றேன்" என்றேன்.

கிளம்பும் முன் அவரைப் படம் எடுத்தேன். தார்பாயின் நீலம் முகத்தில் அடித்ததால் பெட்டியைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். தீனா நகர்த்தினான். "சிரி பெருசு, அக்கா போட்டா புடிக்குது" என்றான். அவர் சிரித்தார். அருமையாக வந்தது. அந்தப் படம் இன்னும் என் கணினியில் இருக்கிறது. வெளிச்சம் அப்படி விழுவது அபூர்வம். அழிக்க மனம் வரவில்லை.

சுகுமார் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. புஷ்பம் முன்னாலேயே வந்துவிட்டாள். என் கட்டிலின் ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு யாராவது கூப்டாங்களாக்கா?"

"சரியான தகவல் ஒன்னும் வரல."

அவளுடைய உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அவளுக்காக நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் எவ்வளவு சந்தோஷப்படப் போகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு அவளிடம் என்னை மிருதுவாக நடந்துகொள்ள வைத்தது. அவளுடைய கலைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டேன்.

சுகுமார் வந்து விளக்குகளை வைத்தான். போன்களை எல்லாம் சைலண்டில் போடச் சொன்னான். புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க எனக்குக் கூடப் பொறந்தவங்க மாதிரி. ராத்திரி பகலா எங்கப்பாவுக்காக போன் எடுத்துப் பேசறாங்க" என்று சொன்னாள். மைக்கில் சத்தம் சரியாகப் பதியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடியும் அழுதாள். முதல் தடவையைவிட இரண்டாவது நன்றாக இருந்தது என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

வீடியோவை அங்கேயே வெட்டி ஒட்டிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினான். அப்போது வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. போனை எடுத்துப் பார்த்தேன். தீனாவின் தவறிய அழைப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. புஷ்பம் ஆட்டோ ஏறிப் போகும் வரை காத்திருந்து, கூப்பிட்டேன்.

"இன்னாக்கா நீ! எத்தினி தபா அடிக்கறது? பெருசு ஒன்னுக்குப் போறேன்னு எய்ந்து போச்சு. கூடப் போலாம்னா கடைல ஆளு நின்னுகினு இருந்தான். திரும்பிப் பாத்தா காணோம். அந்தாண்ட இந்தாண்ட எல்லாம் தேடிட்டேன். வண்டிக்காரன் கத்தறான்க்கா, இன்னா பண்றது?"

"நீ கிளம்பு. நான் வர்றேன்" என்றேன்.

பல்லாவரம் போனேன். சந்தை கலைந்து காகிதமும் வாழைச்சருகும் கிடந்தன. சந்தைத் தெருவின் நீளம் முழுக்க ஒருமுறை நடந்தேன். இந்தப் பகுதியில் வாழ்நாள் முழுக்க நடந்தவர், கால் தானாகவே பழைய கம்பெனி வாசலுக்குக் கொண்டுபோயிருக்கும், வாட்ச்மேன் உட்கார வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாசலுக்கு நான் போகவில்லை. போலீசைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். எப்போது பார்த்தீர்கள், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள். கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வீடியோ பார்த்தவர்கள். ஒரு பள்ளியிலிருந்து, ஒரு நகைக்கடையிலிருந்து, யார் யாரோ. ரயிலில் திரும்பும்போது ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன்.

மறுநாள் காலையில் தீனா போனில் கேட்டான். "பெருசு வூட்டுக்கு வந்துச்சாக்கா?"

"வந்துட்டார்" என்றேன்.

"அப்பாடா. தூக்கமே இல்லக்கா எனக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்கக்கா பொண்ணு வயசுக்கு வந்துகீது. ஒரு பேனரு செஞ்சு குடுக்கறியா?" என்றான். செய்துகொடுத்தேன். மனமார நன்றி சொன்னான். இன்றுவரை அவனுக்கு வேறெதுவும் தெரியாது.

அவனோடு பேசி முடித்த சற்று நேரத்தில் ரயில்வே போலீசிலிருந்து கூப்பிட்டார்கள். பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், தண்டவாளத்தைக் கடக்கும்போது மின்சார ரயில். ஒரு காவலரின் மனைவி வீடியோவைப் பார்த்து அடையாளம் சொல்லியிருக்கிறாள். போஸ்டரில் கண்ணில் பட்ட எண் என்னுடையது, அதனால் எனக்கு. "நீங்க மகளா?" என்று கேட்டார். தெரிந்தவள் என்றேன். குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அது காலையில் வந்த அழைப்பு. புஷ்பத்திடம் சாயங்காலம் சொன்னேன். இடையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்கு முடிச்சூரே திரண்டு வந்தது. சுகுமாரும் கேமராவோடு வந்தான். கல்லறைத் தோட்டத்தில் புஷ்பம் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்பா கால்ல யாரோ நல்ல ஷூ போட்டுவிட்டிருக்காங்கக்கா. அவருக்கு அளவா இருந்துச்சு. கடைசி நேரத்துல யாரோ நல்லவங்க பாத்துகிட்டாங்க, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். அந்த ஒரு பதில் மட்டும் பொய்யில்லை.

ரேஷ்மா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் எங்கே இருக்கிறார் என்பது ஒரு மதியம் முழுக்க எனக்குத் தெரியும். அவருடைய மகளின் எண் இருக்க வேண்டிய இடத்தில் என் எண்ணை வைத்ததும், அவளுக்கு வர வேண்டிய அழைப்பை எடுத்ததும், அவளைக் கூப்பிட இருந்த ஒரே மனிதனைத் தடுத்ததும் நான்தான். ரயில் அவர்மேல் ஏறியதற்கு ரயிலைத் தவிர ஒரு காரணம் உண்டென்றால் அது நான். இதற்குப் பிறகு எனக்கு வேலை குறைந்ததே இல்லை.

இப்போது அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று காத்துப் பார்த்தேன். எழுதிய பக்கத்தில் ஓரம் சரியாக விடப்படவில்லை என்பதுதான் கண்ணில் படுகிறது.

கல்லூரியிலிருந்து திரும்பி வந்த அன்று மாலை புஷ்பம் வந்திருந்தாள். முதலாம் ஆண்டு நினைவு வருகிறது. ஊர் முழுக்க ஒட்டுவதற்கு அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்றாள். வேறு யாரிடமும் போக மனம் வரவில்லையாம்.

"நீங்கதான் செய்யணும்க்கா. அன்னிக்குக் காசே வாங்கல நீங்க. இதுலயாவது உங்க பேரும் நம்பரும் நல்லாப் பெருசாப் போட்டுக்கோங்க. எங்கப்பாவால உங்களுக்கு நாலு பேரு வந்தா, அவரு ஆத்மா சந்தோஷப்படும்."

அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். குரலை உயர்த்தவில்லை.

"இல்ல புஷ்பம். இது மட்டும் என்கிட்ட கேக்காத. என்னால முடியாது."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கண்கள் நிறைந்து, "தெரியும்க்கா. உங்களுக்கும் அவரு அப்பா மாதிரிதான்" என்றாள். மகேஷ் அண்ணன் கடையில் கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். செய்தது சரி என்றுதான் தோன்றியது. அடுத்தவருடைய துக்கத்தின்மேல் தன் பெயரைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் உண்டு. எனக்கு அது ஒருநாளும் பழக்கமில்லை.